வரையுமுன் எழுதுக

“படம் போடுவதும் ஒரு தொழிலா?” என்று கேட்போர் நம் ஊர்களில் இன்றும் உளர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. மாதம் முடிந்தால் சம்பளம், ஆண்டு முடிந்தால் போனஸ் என்று வாழ்ந்து பழகிய தலைமுறை அது. ஆயினும் நம் மாணவத் தோழர்களில் சிலர் எந்த அலுவலகத்திலும் சேராமல், தாமே வேலை தேடி, தாமே செய்து, தாமே கூலி பெறும் வடிவமைப்புத் தொழிலில் இறங்க எண்ணியிருக்கின்றனர். கடைப் பலகை, பொட்டலத்தின் லேபல், விடுதியின் சின்னம், விளம்பரத் தாள் என இத்தொழிலுக்குக் கிளைகள் பல. வரைவதைக் கல்லூரி கற்பிக்கிறது. வரைந்ததற்கு முறையாகப் பேசிப் பணம் பெறுவதை யார் கற்பிக்கிறார்கள்? இக்கட்டுரை அதைப் பற்றியதே.

எடுத்துக்காட்டுக்கு ஓர் ஊர் வேண்டுமல்லவா? இடுக்கி மாவட்டத்து மாட்டுப்பட்டியை எடுத்துக்கொள்வோம். மூணாற்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில், தேயிலை மலைகளுக்கு நடுவே உள்ள ஊர் அது. அணையும், ஏரியில் படகும், 1963இல் சுவிட்சர்லாந்தின் உதவியோடு தொடங்கிய கால்நடைப் பண்ணையும் அதன் அடையாளங்கள். தமிழ் பேசும் தோட்டக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதி. சுற்றுலாப் பயணிகள் பெருகியதால் அப்பக்கமெல்லாம் தங்கும் வீடுகள், மசாலாக் கடைகள், தேயிலைக் கடைகள், ஜீப் சவாரிகள் என்று சிறு வாணிகம் தழைத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பலகை வேண்டும்; பலகையில் தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் வேண்டும். மூன்று எழுத்தையும் அறிந்து வளரும் அப்பகுதி மாணவனுக்கு இத்தொழிலில் வாய்ப்பு மிகுதி. இடரும் மிகுதி, ஏனெனில் அங்கே வேலை கொடுப்பவர் அந்நியர் அல்லர். தந்தையின் நண்பராக இருப்பார், அல்லது அடுத்த லயத்தில் வளர்ந்தவராக இருப்பார்.

மறையூர் வெல்லத்தை வாங்கிக் கட்டி, அணைக்கரையில் விற்கும் பெரியவர் ஒருவர் உங்களிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அவரை ‘மாமா’ என்று அழைத்து வளர்ந்தவர். அவர் சொல்கிறார்: “தம்பி, நல்லா ஒரு லேபல் போட்டுக் கொண்டாப்பா. பிடிச்சிருந்தா பணத்தைப் பத்திப் பேசிக்கலாம்.”

அன்பான சொற்கள்தாம். ஆனால் உற்று நோக்குங்கள். ‘நல்லா’ என்றால் எப்படி? ‘பிடிச்சிருந்தா’ என்றால் யாருக்கு? ‘பேசிக்கலாம்’ என்றால் எப்போது? இந்த மூன்று சொற்களும் தெளிவாகாத வரையில் ஒரு கோடும் இழுத்தலாகாது என்பது என் கருத்து.

முதலில் ‘நல்லா’ என்பதைக் காண்போம். 1958ஆம் ஆண்டில் இந்திய அரசின் அழைப்பின் பேரில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் இணையர் நம் நாட்டைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை அளித்தனர். அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றுவதற்கு அதுவே வித்தாயிற்று. அவ்வறிக்கையில் அவர்கள் வியந்து போற்றிய பொருள் எது தெரியுமா? அரண்மனையன்று, கோபுரமன்று, நம் வீட்டுச் செம்பு! அதனைப் புதிதாக வடிவமைக்க நேர்ந்தால் எதையெல்லாம் கேட்கவேண்டும் என்று அவர்கள் எண்ணிப் பார்த்தனர். எவ்வளவு நீர் கொள்ளவேண்டும்? தூக்கும் கை எத்தகையது? தலையில் வைப்பதா, இடுப்பில் வைப்பதா? நிறைந்திருக்கும்போதும் வெறுமையாய் இருக்கும்போதும் எப்படி நிலைகொள்ளும்? ஊற்றும்போது நீர் எப்படி வரும்? விலை என்ன? இவ்வாறு கேள்விகள் நீண்டுகொண்டே போகின்றன. அழகைப் பற்றிய பேச்சு அதற்குப் பின்னரே.

வெல்லப் பொட்டலத்திற்கும் இது பொருந்தும். வாங்குபவர் யார்? கோயம்புத்தூரிலிருந்து வரும் குடும்பமா, கொச்சியிலிருந்து வருபவரா? பொட்டலம் அரைக் கிலோவா, ஒரு கிலோவா? கடை இருட்டா, வெளிச்சமா? மலையின் ஈரக் காற்றில் தாள் லேபல் எத்தனை நாள் தாங்கும்? அச்சடிப்பது எங்கே, எத்தனை படி? மாமாவின் வாயிலிருந்து ‘நல்லா’ என்னும் சொல்லுக்குப் பொருள் இப்படித்தான் வெளிவரும்.

அழகுக்கு அப்பால் சட்டத்தின் கேள்விகளும் உண்டு. இவற்றைக் கேளாத வடிவமைப்பாளர் வாடிக்கையாளரைக் குழியில் தள்ளுகிறார். கட்டி விற்கும் பொருளின் மேல் கட்டுபவரின் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், வரிகள் அடங்கிய அதிகபட்ச விற்பனை விலை, குறைகூறத் தொடர்பு விவரம் ஆகியன இருத்தல் வேண்டும் என்கின்றன 2011ஆம் ஆண்டின் எடையளவு விதிகள். உணவாயின் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும், சைவம் என்பதைக் காட்டும் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டமும் வேண்டும். எழுத்து எவ்வளவு சிறியதாக இருக்கலாம் என்பதற்கும் அளவு உண்டு. இவற்றுக்கு இடம் ஒதுக்காமல் பெரிய கரும்புப் படம் வரைந்துவிட்டு, பின்னர் மூலையில் எண்களைத் திணிப்பது முறையான வேலையன்று.

இன்னுமொன்று. ‘மறையூர் வெல்லம்’ என்பது 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பெயர். அக்குறியீட்டைப் பயன்படுத்தும் உரிமை அதற்கெனப் பதிவு பெற்றவர்க்கே உண்டு. மாமா பதிவு பெற்றவர்தாமா? அவர் யாரிடம் வாங்குகிறார்? இதனைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. “மாமா, இந்தப் பேரைப் போட நமக்கு அனுமதி இருக்கா? இல்லேன்னா நாளைக்கு உங்களுக்குத்தானே தொந்தரவு?” என்று கேட்டால் அவர் கோபித்துக்கொள்ளப் போவதில்லை, உங்கள் மேல் மதிப்பே உயரும். வெறும் கைவேலைக்காரன் அல்லன் இவன், விவரம் அறிந்தவன் என்பது அப்போதுதான் அவருக்குப் புலனாகும். கைப்பேசியே நொடியில் படம் போட்டுத் தரும் இக்காலத்தில், இக்கேள்விகள்தாம் மனிதனுக்கு எஞ்சியிருக்கும் பெரும் சரக்கு என்று கூடச் சொல்லலாம்.

அடுத்து, ‘பிடிச்சிருந்தா’. பிடித்தால்தான் பணம் என்றால், பிடிக்காத வேலைக்கு நீங்கள் செலவிட்ட நான்கு நாட்கள் யாருடைய கணக்கில் சேரும்? “போட்டி வைத்துத்தானே அரசே ரூபாய்க்குச் சின்னம் தேர்ந்தது?” என்று சிலர் வாதிடுவர். உண்மைதான். 2009இல் நடுவணரசு போட்டி அறிவித்தது; மூவாயிரத்துக்கு மேற்பட்ட படைப்புகள் வந்தன; தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார், அப்போது மும்பை ஐ.ஐ.டி.யில் ஆய்வு மாணவராக இருந்தவர், வரைந்த சின்னம் 2010 ஜூலை 15ஆம் நாள் ஏற்கப்பட்டது. பரிசு இரண்டரை லட்சம் ரூபாய். நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் மூவாயிரவரில் ஏறக்குறைய எல்லாரும் வெறுங்கையோடு திரும்பினர் என்பதையும் நினைத்துப் பாருங்கள். நாட்டின் நாணயத்துக்கு ஒரு முறை அப்படிச் செய்யலாம். பங்குபெறுவதே ஒரு பேறு. வெல்லக் கடைக்கும் படகுத்துறைக்கும் அவ்வழி பொருந்தாது. ஒரு தையற்காரரிடம் “நான்கு சட்டை தைத்து வையுங்கள், பிடித்த ஒன்றுக்குக் காசு தருகிறேன்” என்று யாரும் சொல்வதில்லையே!

இதற்காக முரட்டுத்தனமாக மறுக்க வேண்டியதுமில்லை. பழைய வேலைகளைக் காட்டுங்கள். புதிய வேலையில் முதலில் இரண்டு மாதிரிகள், பின்னர் இரண்டு முறை திருத்தம், அதற்குமேல் திருத்தத்திற்குத் தனிக் கட்டணம் என்று வரம்பு கட்டுங்கள். வரம்பு இருந்தால் வாடிக்கையாளரும் எண்ணிப் பார்த்துத் திருத்தம் சொல்வார். வரம்பு இல்லையேல் அவர் மைத்துனர் சொன்னது, பக்கத்துக் கடைக்காரர் சொன்னது, வாட்சப்பில் மகள் சொன்னது எல்லாம் உங்களிடம் வந்து சேரும். தீர்ப்புச் சொல்பவர் ஒருவர்தாம் என்பதையும் முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

அச்சுக்கு அனுப்புமுன் ஒப்புதல் கையெழுத்து வாங்குவது இதில் தலையாயது. பழைய அச்சகங்களில் புரூப் தாளில் ‘அச்சிடலாம்’ என்று கையெழுத்திட்ட பின்னரே இயந்திரம் ஓடும். அவ்வழக்கத்திற்குக் காரணம் இருந்தது, இன்றும் இருக்கிறது. நான்கு வண்ண ஆஃப்செட் அச்சில் வண்ணத்துக்கு ஒரு தகடு. பிளாஸ்டிக் பைகளை அடிக்கும் கிராவூர் முறையில் வண்ணத்துக்கு ஓர் உருளை செதுக்கவேண்டும். உருளை செதுக்கிய பின் மலையாள எழுத்தில் ஒரு கொக்கி தவறு என்று கண்டால், அந்த உருளை வீண். செலவு யாருடையது? “நீதானே எழுதினாய்?” என்பார் அவர். “நீங்கள்தாமே பார்த்தீர்கள்?” என்பீர்கள் நீங்கள். உறவு அங்கே முறிந்துவிடும். ஆகவே, வாசகங்களை மூன்று மொழியிலும் அவரே தரவேண்டும், அல்லது மொழிபெயர்ப்பு உங்கள் பொறுப்பாயின் அதற்குத் தனிக் கட்டணம். எப்படியாயினும் இறுதித் தாளைப் படித்துக் கையெழுத்திடுவது அவர் கடமை. கைப்பேசித் திரையில் தெரியும் வண்ணம் தாளில் அப்படியே வராது என்பதையும் முன்னரே, மாதிரி அச்சு ஒன்றைக் காட்டி, சொல்லிவிடுங்கள்.

இனிப் பணம். நம்மவர்க்கு வாய் வராத இடம் இதுதான்.

கூலியை எப்படிக் கணிப்பது? வாழ்க்கைக்கு மாதம் 25,000 ரூபாய் வேண்டும், கணினி, மென்பொருள், மின்சாரம், இணையம், பயணம் எல்லாம் 5,000 என்று கொள்வோம். ஆக 30,000. மாதத்தில் 25 நாள் உழைத்தாலும் வேலை தேடுவதிலும், பேசுவதிலும், பணம் கேட்டு அலைவதிலும் பத்து நாள் போய்விடும். எஞ்சிய 15 நாளுக்குத்தான் கூலி கிடைக்கும். 30,000ஐ 15ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 2,000. லேபலுக்கு நான்கு நாளாயின் 8,000 ரூபாய். சம்பளக்காரர் கணக்கில் 25ஆல் வகுத்து 1,200 என்று கூறுபவர்கள்தாம் ஓராண்டில் தொழிலை விட்டுப் போகிறார்கள். இத்தொகைகள் கணக்கின் முறையைக் காட்டவே. உங்கள் ஊர், உங்கள் திறம், உங்கள் செலவு வேறாக இருக்கலாம்.

அமெரிக்காவில் 1971இல் கரோலின் டேவிட்சன் என்ற கல்லூரி மாணவி ஒரு காலணி நிறுவனத்துக்குச் சின்னம் வரைந்து கொடுத்து 35 டாலர் வாங்கினார். அதுதான் இன்று உலகமெல்லாம் காணும் நைக்கி சின்னம். 1983இல் அந்நிறுவனம் அவருக்குப் பங்குகளும் மோதிரமும் பரிசளித்தது. இக்கதையைச் சொல்லி ஏமாற்று என்று பதறுவோர் பலர். நான் அப்படி எண்ணவில்லை. வேலை செய்த மணிக்கு இவ்வளவு என்று பேசினார், பேசியதைப் பெற்றார். அவர் பேசாமல் விட்டது ஒன்றுதான்: நிறுவனம் வளர்ந்தால் சின்னத்தின் உரிமைக்கு என்ன விலை என்பது. கூலி வேறு, உரிமை வேறு.

நம் நாட்டில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, கலைப்படைப்பின் முதல் உரிமையாளர் அதனைப் படைத்தவரே. சம்பள வேலையில் செய்தால் உரிமை முதலாளிக்குப் போகும். பணம் கொடுத்து எடுப்பித்த புகைப்படம், தீட்டுவித்த ஓவியம் போன்றவற்றில் மாற்றுப் பேச்சு இல்லாவிடின் பணம் கொடுத்தவருக்கே உரிமை. சின்னமும் லேபலும் எந்த வகையைச் சாரும் என்று வழக்குரைஞர்கள் வாதாடலாம். நாம் முன்கூட்டியே எழுதிக்கொண்டால் அவ்வாதம் தேவையில்லை. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நாட்டில் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். ஆகவே மாமாவின் வெல்லம் நாளை துபாய்க்குக் கப்பலேறினால், எழுதாமல் விட்டதால் இடர்ப்படுபவர் அவரே! ஒப்பந்தத் தாள் நமக்கு மட்டும் காப்பு என்று நினைப்பது தவறு.

பணம் வராவிட்டால் என்ன செய்வது? வாய்ப்பேச்சும் ஒப்பந்தமே, இலவசமாகச் செய்ய எண்ணாத வேலையின் பயனைப் பெற்றவர் ஈடு தரவேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். ஆனால் 8,000 ரூபாய்க்காக நீதிமன்றம் ஏறுபவர் யார்? இதைவிடக் கூரிய கருவி ஒன்று இருக்கிறது. இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் ‘உத்யம்’ பதிவை வேலைக்கு முன்னரே பெற்றிருந்தால், 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும். பணம் தரும் நாளை எவ்வளவு தள்ளிப் பேசினாலும் 45 நாளைத் தாண்டலாகாது; தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல மும்மடங்கு, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டியாக, தரவேண்டும். பெரிய விடுதிக்கு வேலை செய்பவர்க்கு இச்சட்டம் மிகவும் பயன்படும். பில்லின் அடியில் பதிவெண்ணைக் குறித்தாலே கணக்கர் கண்ணில் படும்.

ஜி.எஸ்.டி. பற்றிய அச்சம் வேண்டாம். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சேவைத் தொழிலுக்குப் பதிவு கட்டாயமில்லை. மாட்டுப்பட்டியில் இருந்துகொண்டு எல்லை தாண்டி உடுமலைப்பேட்டைக் கடைக்கு வேலை செய்தாலும் அப்படியே. பதிவில்லாதவர் பில்லில் அவ்வரியைச் சேர்த்தல் மட்டும் கூடாது.

“இத்தனையும் எழுதச் சொன்னால் மாமா என்ன நினைப்பார்?” என்று தயங்குவோர்க்கு ஒன்று கூறுவேன். தேயிலைத் தோட்டத்தில் நம் தாய்மார் கொழுந்தைக் கிள்ளிச் சுமந்து வந்து நிறுக்கும் இடத்தில் நிற்கிறார்கள். எடையைப் பார்த்து, தம் பெயருக்கு நேரே எழுதியதை அறிந்த பின்னரே நகர்கிறார்கள். எழுதுபவர் உறவினராயினும் அப்படித்தான். அதனை யாரும் அவமதிப்பாகக் கருதியதில்லை. கிலோக் கணக்கில் அளக்கக்கூடிய கொழுந்துக்கே எழுத்து வேண்டுமாயின், அளவற்ற நம் வேலைக்கு எவ்வளவு வேண்டும்!

ஆகவே மாமாவிடம் இப்படிச் சொல்லலாம்: “சரிங்க மாமா, நாளைக்குக் கடைக்கு வர்றேன். கொஞ்சம் கேள்வி இருக்கு. கேட்டுட்டு, என்ன செய்வேன், எவ்வளவு ஆகும்னு ஒரு தாள்ல எழுதித் தர்றேன். படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க.” அந்தத் தாள் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை, நீதிமன்றத் தமிழும் வேண்டியதில்லை. மாதிரி ஒன்று தருகிறேன்:

“மாமா அவர்களுக்கு வணக்கம். அரைக் கிலோ வெல்லப் பொட்டலத்துக்கு முன்பக்கமும் பின்பக்கமும் கூடிய லேபல் ஒன்றைத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் ஆகிய மூன்று எழுத்திலும் அமைத்துத் தருகிறேன். இரண்டு மாதிரிகள் காட்டுவேன். தேர்ந்ததில் இரண்டு முறை திருத்தம் செய்வேன். அதற்குமேல் ஒவ்வொரு திருத்தத்துக்கும் 1,000 ரூபாய். கட்டணம் 8,000 ரூபாய்: தொடங்கும்போது 3,000, மாதிரி தேர்ந்ததும் 3,000, அச்சுக்குரிய கோப்பைத் தரும்போது 2,000. அச்சுச் செலவும் புகைப்படச் செலவும் இதில் சேரா. வாசகமும் உரிம எண்ணும் நீங்கள் தரவேண்டும். இறுதித் தாளைப் படித்து நீங்கள் கையெழுத்திட்ட பின் காணும் பிழைக்கு நான் பொறுப்பல்லன். இடையில் நிறுத்தினால் அதுவரை செய்த வேலைக்குரிய தொகையை மட்டும் தந்தால் போதும். முழுத் தொகையும் தந்ததும், இந்த லேபலை வெல்லப் பொருள்களுக்கு இந்தியாவிலும் வெளிநாட்டிலும் பதிப்புரிமைக் காலம் முழுவதும் பயன்படுத்தும் உரிமை உங்களுடையது. தேராத மாதிரிகள் என்னுடையவை. இந்த வேலையை என் மாதிரித் தொகுப்பில் காட்டிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.”

இதன் கீழ் இருவர் கையெழுத்தும் தேதியும் இட்டு, ஆளுக்கு ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் தாளுக்கு உடன்படாவிட்டால் இதையே வாட்சப்பில் அனுப்பி, “சம்மதம்” என்று ஒரு மறுமொழி வாங்கினாலும் போதும்; மின்வழி ஒப்பந்தமும் நம் நாட்டில் செல்லும். உரிமை மாற்றித் தரும் பகுதிக்கு மட்டும் கையெழுத்துள்ள தாளே வேண்டும். அதனைக் கடைசி 2,000 ரூபாயைப் பெறும் நாளில் கொடுக்கலாம்.